கையுறை: ஆம்

காலை எட்டு மணிக்குள் ஆறு குப்பிகளும் ஃப்ரிட்ஜ் கதவில், முட்டை வைக்கும் குழிகளில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். பகலில் ஆறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அமலு என்கிற அமலோற்பவம் வீட்டில் அதுதான் முதல் சட்டம். ஒவ்வொரு குப்பியிலும் குழந்தையின் பெயர், படம், ஒரு நிற ரப்பர் பேண்டு. ஜோயலுக்குப் பச்சை, பர்ஹானாவுக்கு ஊதா, வெண்பாவுக்கு மஞ்சள். ஒரு குழந்தையின் குப்பியிலிருந்து ஒரு துளி இன்னொரு குழந்தையின் மேல் படக்கூடாது. பட்டால் சாயங்காலத்துக்குள் தோல் தடித்துச் சிவந்துவிடும்.

கடையில் விற்ற பழைய வெயில் க்ரீம்களெல்லாம் வேலைக்கு ஆகாமல் போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. வானத்துக் காப்பு மெலிந்த பிறகு, வேலூர் வெயிலில் பத்து நிமிஷம் நின்ற குழந்தைக்குத் தோல் உரிந்தது. அப்போதுதான் இது வந்தது. தாயின் தோலில் வாழும் நல்ல கிருமியைச் சுரண்டி எடுத்து, கெட்ட கதிரைத் தின்னும்படி பழக்கி, கூழில் வளர்த்துக் கொடுத்தார்கள். தாயுடையது என்றால்தான் பிள்ளையின் தோல் ஏற்றுக்கொண்டது. தகப்பனுடையதைப் போட்டுப் பார்த்துக் கொப்புளம் கண்டு விட்டுவிட்டார்கள். ஏழு வயதானால் பிள்ளையின் சொந்தத் தோலிலிருந்தே எடுக்கலாம். அதுவரைக்கும் தாய்தான். காகிதத்தில் அதன் பெயர் தாய்ப்பூச்சு. தெருவில் எல்லோருக்கும் அது அம்மா க்ரீம்.

உயிருள்ள பொருள் ஆகையால் அதற்கு வாசனை உண்டு. ஜோயலின் குப்பியைத் திறந்தால் வடித்த கஞ்சி வாசனை வரும். பர்ஹானாவுடையது லேசாகக் கொய்யா. வெண்பாவின் குப்பி ஊறவைத்த வெந்தயம் மாதிரி வாசனை அடிக்கும். அவள் அம்மா லோகேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாலும் அதே வாசனைதான்.

ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் பின்பக்கத்து மணலுக்குப் போக வேண்டுமென்றால் எட்டு மணிக்கே பூச்சு ஆரம்பித்துவிடும். மூன்று விரல் அளவு கூழ். முதலில் காது மடல், பிறகு பின்கழுத்து, தலை வகிடு, பாதத்தின் மேல்பக்கம். எல்லோரும் மறக்கும் இடம் முழங்காலின் பின்மடிப்பு. விரல் சூப்பும் பிள்ளைக்கு உள்ளங்கையில் கிடையாது. கடைசிப் பிள்ளைக்குப் பூசிய பிறகு இருபது நிமிஷம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், கிருமி தோலில் பிடிக்க. குழந்தைகளுக்கு அந்த இருபது நிமிஷம் ஜெயில். அமலு கதை சொல்லி ஓட்டுவாள்.

இன்னொரு சட்டம் அரசாங்கத்தினுடையது. பிள்ளைக்குப் பிள்ளை புதுக் கையுறை. பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. மூன்று வருடமாக அமலு தினமும் அந்தக் கட்டத்தில், ஆறு பிள்ளைகளுக்கும், ‘கையுறை: ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று வருடமாக அது பொய்.

வெண்பாவை இரண்டு வயதில் கொண்டுவந்து விட்டபோது, கையுறையின் வழவழப்பு பட்டதும் அந்தப் பிள்ளை நீலம் பாரித்து அழுதது. நான்காம் நாள் அமலு கையுறையைக் கழற்றி எறிந்தாள். வெறும் கை பட்டதும் அழுகை நின்றது. ஒரு பிள்ளைக்கு வெறும் கை, மற்ற பிள்ளைகளுக்கு ரப்பர் கை என்றால் மனசுக்கு ஒப்பவில்லை. ஆகவே எல்லோருக்கும் வெறும் கை. ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவே முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். யாருக்கும் ஒரு தடிப்பு வந்ததில்லை.

அவளுக்கே ஒரு மகள் இருந்தாள். ஷெரின். ஒன்பது வயதில், டெங்குக் காய்ச்சலில் போனாள். ஆறு வருடம் ஆயிற்று. ஏழு வயதிலிருந்து ஷெரினுக்குச் சொந்தப் பூச்சு. அது பென்சில் சீவிய வாசனை அடிக்கும். கை எட்டாத பின்கழுத்திலும் முதுகிலும் அமலுதான் பூசிவிடுவாள். ஆள் இறந்தால் முப்பது நாளுக்குள் குப்பியை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. முப்பதாவது நாள் அமலுவே பூச்சு மையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கிருந்தவர் அவள் கண் முன்னாலேயே அதை வெள்ளை மருந்துக்குள் ஊற்றினார். கொஞ்ச மாதத்தில் அவள் வீட்டுக்காரர் சித்தூரில் தம்பி வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மனுஷன் போனதைக்கூட அவள் சகித்துக்கொண்டாள். விதிக்குப் பயந்து அந்தக் குப்பியைத் தன் கையாலேயே கொடுத்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இப்போதும் உச்சி வெயிலில் கை வியர்த்தால், உள்ளங்கையில் பென்சில் சீவிய வாசனை வருகிற மாதிரி இருக்கும். மனப்பிராந்தி என்று முந்தானையில் துடைத்துக்கொள்வாள்.

லோகேஸ்வரி பைபாஸ் சாலையில் லாரி மோதி இறந்து அன்றைக்கு இருபத்து நான்காவது நாள்.

முனிரத்தினம் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பேட்டரிக் கடையில் வேலை. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அமலு குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இன்னா முனிரத்தினம், மட்டம் இவ்ளோ எறங்கியிருக்கு? வீட்லயும் போட்டு வுடுறியா?”

“இல்லக்கா.”

“கொட்டிடுச்சா?”

அவன் தன் செருப்பைப் பார்த்தான். “பாப்பா தூங்கினதும் மூடியத் தொறந்து வச்சிக்கினு ஒக்காந்திருப்பேன்க்கா. வேற ஒண்ணும் இல்ல. மோந்து பாக்கறது. அவ்ளோதான்.”

“காத்து பட்டா செத்துடும்பா அது.”

“தெரியும்க்கா.” மகளை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். “தெரிஞ்சிதான் தொறந்தேன்.”

அமலு குப்பியைச் சாய்த்துப் பார்த்தாள். கூழ் முன்பு போலக் கெட்டியாக இல்லை, நீர்த்துப் போயிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தாய் போய்ப் புதிதாகத் தோல் கொடுத்துவிட்டு வர வேண்டும். லோகேஸ்வரியின் முறை போன மாதமே வந்திருந்தது.

அன்று மதியம் பிள்ளைகள் உறங்கும் நேரத்தில் வட்டார ஆய்வாளர் தஸ்லீமா வந்தாள். முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டு, பிள்ளைகளைத் தாண்டிக் கால் படாமல் நடந்து வந்தாள். அதற்காகவே அமலுவுக்கு அவளைப் பிடிக்கும்.

“இன்னும் ஆறு நாள் இருக்குக்கா,” என்றாள் தஸ்லீமா தாழ்ந்த குரலில். “நினைவுபடுத்திட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“எடுத்துக்கினு போயிட்டா அந்தப் பாப்பா இன்னா பண்ணுவா? அஞ்சு வயசுதான் ஆவுது.”

“நிழல் அட்டை குடுப்பாங்க. ஏழு வயசு வரைக்கும் பகல்ல வெளிய வரக்கூடாது.”

“ரெண்டு வருஷம் ஜன்னலச் சாத்திக்கினு?”

“எனக்கு மட்டும் ஆசையாக்கா? புதுப்பிக்காத பூச்சு கெட்டுப் போகும். ஆரணிப் பக்கம் ஒரு வீட்ல, செத்துப்போன அம்மாவோடதை ஒளிச்சு வச்சுப் போட்டுட்டே இருந்தாங்க. அந்தப் பையன் முதுகை நான் பார்த்தேன். அதனாலதான் இந்த விதி.”

“இந்தக் குப்பியில இருக்கிறத வச்சே புதுசா வளக்க முடியாதா?”

“குப்பியில இருக்கிறது ஃப்ரிட்ஜுக்குப் பழகிடுச்சு. சோம்பேறி. ஜனங்க தோல்ல உயிரோட இருக்கிறது வேணும்.”

“பாப்பா தோல்ல இருக்குமே?”

“குழந்தைத் தோல்ல சாயங்காலத்துக்குள்ள செத்துடும். அதனாலதான தினமும் பூசறோம். பெரியவங்க தோல்லதான் குடித்தனம் பண்ணும்.”

அமலு தூங்கும் வெண்பாவின் மேல் விலகியிருந்த துணியை இழுத்துவிட்டாள். பிறகு கேட்டாள்: “மேடம், உங்க வீட்ல தயிருக்கு உறை தீந்துபோச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?”

“பக்கத்து வீட்ல வாங்குவேன்.”

“எந்த வீட்ல வேணா வாங்கினா உங்க ருசி வராது. நீங்க முன்னாடி யாருக்கு உறை குடுத்தீங்களோ அங்க போய்க் கேட்டா, உங்க தயிரே திரும்பக் கெடைக்கும்.”

“சரிக்கா. லோகேஸ்வரி யாருக்கு உறை குடுத்துட்டுப் போனாங்க?”

அமலு இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்து அவள் முன்னால் விரித்து வைத்தாள்.

தஸ்லீமாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சுவரில் மாட்டியிருந்த பதிவேட்டை நிமிர்ந்து பார்த்தாள். “கையுறை ஆம்னு எழுதியிருக்கீங்களேக்கா.”

“எழுதியிருக்கேன்.”

“எத்தனை நாளா?”

“மூணு வருஷம்.”

“ஆறு பிள்ளைங்க! ஒண்ணோடது இன்னொண்ணுக்குப் போயிருந்தா? உங்க லைசென்ஸ் போயிடும்னு தெரியும்ல?”

“தெரியும் மேடம். அதுக்குத்தான் இத்தினி நாளு வாயத் தொறக்கல. இப்போ தொறந்துட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்க, இந்தக் கையில அவ இருக்காளா இல்லியான்னு.”

தஸ்லீமா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கோபம் அவள் முகத்தில் நிஜமாகவே இருந்தது. ஆனாலும் பையைத் திறந்து இரண்டு பஞ்சுக் குச்சிகளை எடுத்தாள்.

நான்கு நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். பிள்ளைகள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். “அத்த, ஜோயல் என் அப்பளத்த எடுத்துட்டான்” என்று பர்ஹானா முறையிட்டாள். “அவ சின்னதா வச்சிருந்தா, பெருசா ஒடச்சுக் குடுத்தேன்” என்றான் ஜோயல். தஸ்லீமா சிரிக்கவில்லை. அமலுவைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“உங்க கையில உங்களோடது போக எட்டு இருக்கு,” என்றாள். “ஆறு இப்போ இருக்கிற பிள்ளைங்களோட அம்மாங்க. லோகேஸ்வரியும் அதுல இருக்காங்க, நல்லா கெட்டியாவே. ஒண்ணு போன வருஷம் மாத்தலாகிப் போன பிள்ளையோட அம்மா.”

“எட்டாவது?”

“அதுதான் தெரியல. பதிவேட்ல எங்கயும் ஒத்துப் போகல. தாயோடது இல்லை, ஏழு வயசு தாண்டின ஒரு பிள்ளையோட சொந்தப் பூச்சு. ரொம்பப் பழசு. புத்தகத்துல ஆறு மாசம்தான் தாங்கும்னு போட்டிருக்கு. இது ரேகைப் பள்ளத்துக்குள்ள வருஷக் கணக்கா உட்கார்ந்திருக்கு. எங்க லேப்ல எல்லாரும் வந்து வந்து பார்த்தாங்க. யாரோடதுக்கா அது?”

அமலு கரண்டியைக் கீழே வைத்தாள். உள்ளங்கையை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். சாம்பார் வாசனை. அதற்கடியில், வியர்வைக்கும் அடியில், அது இருந்தது. மனப்பிராந்தி இல்லை. ஆறு வருடமாக அவள் முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தது மகளைத்தான்.

“என் பொண்ணோடது,” என்றாள்.

தஸ்லீமா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“எங்க மையத்துப் பெரியவர் ஒரு வழி சொல்லியிருக்கார். உங்க கையை மருந்துத் தண்ணியில ஒரு மணி நேரம் வைக்கணும். எல்லாம் மேல வந்துடும். அதுல லோகேஸ்வரியோடதைப் பிரிச்சு வளர்ப்போம், வெண்பாவுக்கு ஏழு வயசு ஆகிற வரைக்கும் போதும். அது முடிஞ்சதும் உங்க கையைச் சுத்தமா, ஒண்ணுமே இல்லாம பண்ணிடணும். அதுக்கு அப்புறம்தான் லைசென்ஸ் திருப்பித் தருவாங்க. இந்த விஷயத்துல அவர் பேச்சை யாரும் மாத்த முடியாது.”

“என் பொண்ணோடதயும் பிரிச்சு வைங்க.”

“பதிவு இல்லாததை வச்சுக்க முடியாதுக்கா. ஷெரின் பதிவு ஆறு வருஷம் முன்னாடியே மூடிட்டாங்க.”

“நான் முடியாதுன்னா?”

“லைசென்ஸ் போகும். கையை யாரும் பிடிச்சு இழுக்க முடியாது, அது உங்க கை. உங்ககிட்டயே இருக்கும். வெண்பா வீட்டுக்குள்ள இருப்பா.” தஸ்லீமா எழுந்தாள். “நாளன்னைக்கு முப்பதாவது நாள். என்னைத் திட்டிக்கோங்க. ஆனா வந்துடுங்கன்னும் சொல்ல மாட்டேன், வராதீங்கன்னும் சொல்ல மாட்டேன்.”

அடுத்த நாள் அமலு பிள்ளைகளைப் பெற்றோருடனேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னாள். பகல் முழுக்க வெறும் வீட்டில் உட்கார்ந்து கையை மோந்தாள். வெயிலில் நீட்டி வியர்க்க விட்டு மோந்தாள். வாசனை வந்தது, போனது, வந்தது. வாசனையோடு ஒவ்வொன்றாக வந்தன: பூசும்போது கூச்சத்தில் தோளைக் காதுவரை தூக்குகிற ஷெரின். “ஜில்லுனு இருக்கும்மா, கைய சூடு பண்ணிக்கினு வா” என்கிற ஷெரின். வீட்டுப்பாடம் எழுதாமல் பென்சிலை மட்டும் சீவிச் சீவி அரை விரல் அளவுக்குக் கொண்டுவந்து விடுகிற ஷெரின். ஒரு தடவை கொடுத்தாயிற்று. இரண்டாவது தடவையும் கொடு என்றால் எப்படி?

மூன்று மணி வாக்கில் வாசலில் முனிரத்தினம் நின்றான். கையில் குப்பி. மூடியின் மேல் நான்கைந்து சுற்று டேப் ஒட்டியிருந்தான்.

“உள்ள வா.”

“இல்லக்கா, கடைக்குப் போவணும். இத உங்க ஃப்ரிட்ஜ்லயே வச்சிடுங்க. என்கிட்ட இருந்தா நாளைக்குள்ள திரும்பத் தொறந்துடுவேன். நாளைக்குக் குடுக்கிறப்போ உசுரோட குடுக்கணும் இல்ல?” அவன் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “பாப்பா கேக்குது, மணலுக்கு எப்போ போலாம்னு. ஜன்னல்ல சின்ன ஓட்டை இருக்கு, அதுல வெரல வுட்டு வெயிலத் தொட்டுப் பாக்குது.”

அவன் போனான். அமலு குப்பியை அதன் குழியில் வைத்தாள். மற்ற ஐந்து குழிகளும் காலியாக இருந்தன.

மறுநாள் காலை பூச்சு மையத்தில் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் வெதுவெதுப்பான மருந்துத் தண்ணீர் வைத்திருந்தார்கள். தஸ்லீமா பக்கத்தில் நின்றாள். அமலு கைகளை உள்ளே வைப்பதற்கு முன் ஒருமுறை இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து முகத்தை மூடிக்கொண்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவளாகவே கைகளை இறக்கினாள்.

அதற்குப் பிறகு வந்த ஏழு வாரத்தில் அவள் கைகளுக்கு வாசனையே இல்லை. வெங்காயம் அரிந்தால் கூடக் கழுவியதும் போய்விடும். வியர்த்தால் வெறும் உப்பு. பழக்கத்தில் கையை மூக்குவரை கொண்டுபோவாள். பாதி வழியில் இறக்கிவிடுவாள். மூன்றாவது வாரம் லைசென்ஸ் வந்தது. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பெற்றோர் இரண்டு பேர் சண்டை போட்டார்கள், ஒருத்தி பிள்ளையை நிறுத்தியே விட்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அமலு பிள்ளைக்குப் பிள்ளை கையுறை மாட்டினாள். ‘கையுறை: ஆம்’ என்று எழுதினாள். இப்போது அது உண்மை.

விடியும் முன்பே முனிரத்தினம் கொண்டுவந்து விட்ட வெண்பா, மற்றவர்கள் மணலுக்குப் போகும்போது கூடத்திலேயே இருந்தாள். சாத்திய கதவின் பின்னால் நின்று, “ஜோயல், நண்டு வந்துச்சா?” என்று கத்துவாள். காட்பாடியில் ஏது நண்டு? ஆனால் ஜோயல், “ரெண்டு வந்துச்சு!” என்று பதில் கத்துவான்.

எட்டாவது வாரம் தஸ்லீமா குளிர்ப்பையோடு வந்தாள். அதிலிருந்த புதுக் குப்பிக்கு மஞ்சள் ரப்பர் பேண்டை அவளே மாட்டியிருந்தாள்.

“பாப்பா கையோட உட்பக்கம் மூணு நாள் ஒரு துளி வச்சுக் கட்டிப் பார்த்தாச்சு. தடிப்பு இல்லை. இன்னைக்கே பூசலாம்.”

“ஏன் மேடம் இவ்ளோ லேட்டு?”

“தனியா வளரவே மாட்டேன்னுதுக்கா. மூணு தடவை பிரிச்சோம், மூணு தடவையும் செத்துப்போச்சு. உங்க கையில இத்தனை வருஷம் பக்கத்துல இருந்து பழகிடுச்சு போல. கடைசியில துணைக்கு ஒண்ணை விட்டு வச்சு வளர்த்தோம். உடனே எழுந்துச்சு.”

“துணைக்குன்னா?”

தஸ்லீமா பதிவேட்டை எடுத்து எதையோ சரிபார்த்தாள். சரிபார்க்க அதில் ஒன்றும் இல்லை. “அறிக்கையில ஒண்ணுன்னுதான் எழுதியிருக்கேன்,” என்றாள். “வரேன்க்கா.” செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

அமலு புதுக் கையுறை மாட்டினாள். மற்ற பிள்ளைகளுக்கு முடித்துவிட்டு வெண்பாவைக் கடைசியாக மடியில் இருத்திக்கொண்டாள். ஐந்து வயதுக்காரி இப்போது கையுறைக்கு அழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். மூன்று விரல் அளவு கூழ். காது மடல். பின்கழுத்து. முழங்கை. வெண்பா மூக்கை உறிஞ்சினாள்.

“அம்மா!” என்றாள்.

“ஆமாடி கண்ணு. அம்மாதான்.”

பிள்ளை தன் முழங்கையை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு தடவை உறிஞ்சினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

“அத்த, அம்மா பென்சில் சீவினாங்களா?”

அமலுவின் கை அப்படியே நின்றது. குனிந்து பிள்ளையின் பின்கழுத்தில் முகம் வைத்தாள். முதலில் வெந்தயம். பிறகு வெந்தயத்துக்குள்ளிருந்து, இப்போதுதான் சீவியது போல, மரமும் கரியும் கலந்த அந்த வாசனை.

கையுறையைக் கழற்றிவிட வேண்டும் போல இருந்தது. ஒரு நிமிஷம், ஒரு தடவை, வெறும் உள்ளங்கையால் தொட்டால் போதும், அது திரும்பவும் ரேகைக்குள் குடிவந்துவிடும். விரல் நுனி ரப்பரை இழுத்தது. வரிசையாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ரப்பரை விட்டாள். முழங்காலின் பின்மடிப்பை மறக்காமல் பூசி முடித்தாள்.

“இருபது நிமிஷம்,” என்றான் ஜோயல் வெறுப்போடு. “கத சொல்லு அத்த.”

அன்று அவள் கதை சொல்லவில்லை. வெண்பாவை மடியிலிருந்து இறக்கவும் இல்லை. முகத்தை அந்தக் கழுத்திலேயே வைத்துக்கொண்டு இருந்தாள். வெண்பா கூச்சத்தில் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டாள், சிரித்தாள், பிறகு பழகிப்போய்ச் சாய்ந்துகொண்டாள். “அத்த, ஒம்பதே கால் ஆயிடுச்சு,” என்று பர்ஹானா மணி பார்க்கத் தெரிந்த பெருமையில் சொன்ன பிறகுதான் அமலு நிமிர்ந்தாள். இருபது நிமிஷம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

பின்கதவைத் திறந்தாள். வெயில் கூடத்தின் பாதிவரை வந்து விழுந்தது. வெண்பா வாசற்படியில் ஒரு கணம் நின்று, ஒரு காலை மட்டும் வெளியே வைத்துப் பார்த்து, பிறகு மணலை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடினாள்.

“மெதுவாடி!” என்று கத்தினாள் அமலு. “ரெண்டு பேரும் வுழுந்துறப் போறீங்க!”

ஜோயல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“வெண்பா மட்டும்தான அத்த ஓடுறா?”